தத்துவ ஃபாதர் நோயாளியாக நடித்தது

ஃபாதர் ஆகப் படிக்கிற பையன்களுக்குக் குருமடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தத்துவம் நடத்துகிறேன். இந்த வருடம் என் வகுப்புகளில் பாதியை வெட்டி, நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். "சாகக் கிடக்கிறவனுக்கு உங்க தர்க்கம் எதுக்கு ஃபாதர்?" என்றார் பயிற்சி ஃபாதர். அதோடு விட்டாரா, செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க என்னையே கூப்பிட்டார். வயசு பொருத்தமாம்.

வயசு மட்டுமல்ல. வயிற்றில் கட்டி என்று போன வாரம்தான் ரிப்போர்ட் வந்திருந்தது. தேர்வுக்கு மறுநாள் ஆபரேஷன். யாரிடமும் மூச்சு விடவில்லை. லீவு லெட்டரில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். வருகிற ஒவ்வொரு மாணவனிடமும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "எனக்கு ஏன் இப்படி?"

முதல் ஆள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும்" என்றான். உனக்கு எவன் சொன்னான் என்று வாய் வரை வந்தது. அடுத்தவன் அழுதேவிட்டான், நான்தான் தேற்றி அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவன் 'அடிக்குறிப்பு'. எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் சொல்வதால் வந்த பட்டப்பெயர். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பாடத்தையே வரி பிசகாமல் ஒப்பித்தான். தீமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை. இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போவதுதான் தீமை. இத்தனை வருடம் நான் நின்றுகொண்டு சொன்னது. படுத்துக்கொண்டு கேட்டதில்லை. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லாததா? எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்குப்பா!"

அவன் கண்ணைச் சுருக்கினான். "கட்டி இருக்கு ஃபாதர், ஒத்துக்கறேன். ஆனா கெட்டது எது? கட்டியா, உடம்போட ஒழுங்கு குலைஞ்சதா?"

"அந்த ஒழுங்கைக் குலைய விட்டது யாரு?"

"அது... பாடத்துல இல்லையே."

"இல்லதான். யோசி."

யோசித்தான். ஒரு வாதம் கொண்டுவந்தான், உடைத்தேன். இன்னொன்று கொண்டுவந்தான், பாதிதான் உடைந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பயிற்சி ஃபாதர் கதவைத் திறந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. அவ்வளவு நேரமும் கட்டியைப் பற்றியேதான் பேசினோம். என் கட்டி எனக்கு ஞாபகமே வரவில்லை.

"நோயாளியோட சண்டை போட்டிருக்கான். ஃபெயில்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "மன்னிச்சிடுங்க ஃபாதர். நிஜமான நோயாளிகிட்ட இப்படிப் பேச மாட்டேன்."

"பேசு" என்றேன். "நாளைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டாவது மாடி. பத்து மணிக்கு என்னை ஆபரேஷனுக்குக் கொண்டு போயிடுவாங்க. எட்டு மணிக்கே வந்துடு. தனியா இருக்கப் பயமா இருக்கு."