டி டிரைவில் பத்திரம்

ஐந்தாவது முறையும் அறுபத்து மூன்று சதவீதத்தில் வந்து, 'விண்டோஸ் நிறுவல் நின்றுவிட்டது' என்ற பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது கணினி.

"உங்க வேதாளம் மறுபடியும் மரம் ஏறிடுச்சு," என்றாள் அவள்.

கணவர் சிரித்தார். நான்கு மாதத்துக்கு முன் குரல்வளையை எடுத்ததிலிருந்து அவர் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. மடியிலிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'மெமரியைக் கழட்டு. ரப்பரால தேய்.'

ஊரில் பாதிப் பேரின் கணினியைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக். இப்போது குனிந்தால் மூச்சு வாங்கும் என்பதால் மூளை அவருடையது, கை அவளுடையது. பென் டிரைவை மாற்றியாயிற்று. புதிதாக டவுன்லோடு செய்தும் போட்டாயிற்று. சமையல் செய்து பழகிய விரல்கள் இப்போது மெமரிப் பட்டையைத் தேய்த்தன.

உள்ளே இருந்தது அவர் குரல். ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வாரம் அவர் வாசித்துப் பதிவு செய்த ஆயிரத்து நானூறு வாக்கியங்கள். அவற்றைக் கொடுத்தால், தட்டுகிற வார்த்தைகளைப் போன் அவர் குரலிலேயே பேசும் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொல்லியிருந்தார். பதிவு நடந்த நாளெல்லாம் ஃபேனை நிறுத்தி, குக்கர் வைக்காமல், தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். பிறகு சிகிச்சை அலைச்சலில் நாள் தள்ளிப்போனது. போன வாரம் கணினியே எழுந்திருக்க மறுத்துவிட்டது.

அதே தொழிலில் இருந்த அவள் தம்பி காலையிலேயே போனில் சொன்னான். "அக்கா, முதல்ல டிஸ்க்கைக் கழட்டி எல்லாத்தையும் காப்பி எடுக்கணும். அப்புறம் மாமா எது வேணா பண்ணட்டும்."

மாமா சிலேட்டை நிமிர்த்தினார். 'எல்லாம் டி டிரைவில் பத்திரமா இருக்கு. சி-யைத்தான் அழிக்கிறோம். நேத்துப் பொறந்தவன் சொல்ல வந்துட்டான்.'

இருபது வருஷமாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது இதைத்தான். முக்கியமானதை டி-யில் போடுங்கள், சி எக்கேடு கெட்டாலும் டி அசையாது.

ஆறாவது முறை அறுபத்து மூன்றில் நின்றபோது பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. அணைத்துப் போட்டாள். டிஸ்க் எதுவுமே இல்லை என்றது திரை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. சிலேட்டுக்குச்சியைக் கீழே வைத்தார்.

மத்தியானம் தம்பி வந்தான். பெட்டியில் காது வைத்துக் கேட்டுவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினான்.

"பென் டிரைவ், மெமரி எதுலயும் கோளாறு இல்லக்கா. டிஸ்க்தான் தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு. அந்த இடத்துல முட்டி முட்டி நின்னிருக்கு. நாம அதையே மறுபடி மறுபடி ஓட்டியிருக்கோம்."

"டி-ன்னு தனியா இருக்கே?"

"ஒரே வீட்டுல நடுவுல தடுப்பு வெச்சதுதான் சி-யும் டி-யும். கூரை விழுந்தா ரெண்டு அறைக்கும் சேர்த்துத்தான் விழும்."

அவன் 'நாம' என்று சொன்னதை அவள் கவனித்தாள். தடுத்தவன் பழியில் பங்குக்கு வந்து நிற்கிறான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிஸ்க்கை மீட்டுத் தருகிறவர்களிடம் அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே தட்டே கீறிப்போயிருக்கிறது, ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

பேச்சுப் பயிற்சி அறையில், போனில் பேசத் தயாராக இருந்த ஆண் குரல் நான்கைப் போட்டுக் காட்டினார்கள். அவர் எதையும் முழுசாகக் கேட்கவில்லை. மூன்றாவதைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் எதையோ தட்டினார்.

"என் மேல கோபமா?"

ரயில் வரும் நேரத்தைச் சொல்வது போல யாரோ ஒரு ஆள் கேட்டான். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயால் ஒருநாளும் கேட்காத கேள்வி.

"இல்லீங்க," என்றாள், போனைப் பார்த்து. கேட்டவர் முகம் வேறு பக்கம் இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. திரும்பினாள்.