மார்ஜரியின் பாதி

சந்திரவதனாவுக்கு மார்ஜரியை அறவே பிடிக்காது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செத்துப்போன ஒரு சீமாட்டி மேல் இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று புருஷன் கேதீஸ்வரன் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அவள் பேராசை பிடிச்சவள்" என்று வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் வந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த மனுஷியோடு நிம்மதியாகக் காலம் தள்ள வேண்டுமானால் சில கேள்விகளை விழுங்கிவிட வேண்டும் என்று கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டவர்.

மார்ஜரியின் கதை இதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு. சேர் ஹியூ என்ற பிரபுவுக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்கள் இரண்டு. மூத்தவளான மார்ஜரியைப் பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தபோது, தகப்பன் ஒரு முழுக் கிராமத்தைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அவள் பெற்றது ஆறு, தப்பியது இரண்டு. சிலுவைப் போருக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. தகப்பனும் கண்ணை மூடியபோது பெரிய வீடும் நிலபுலமும் கல்யாணமாகாத இளையவள் இசபெல்லின் கையில் இருந்தன. மார்ஜரி நேரே அரசனுடைய நீதிமன்றத்துக்குப் போனாள். தங்கை மேல் வழக்கு வைத்துப் பாதியை வாங்கிக்கொண்டாள்.

இந்தச் சீமாட்டியின் வாழ்வையும் குடும்பத்தையும் பற்றித்தான் சந்திரவதனா சிட்னியில் எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். 1976ஆம் ஆண்டு. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவள், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, புறநகரான கிரவீனிலிருந்து ரயிலேறிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வருவாள்.

எழுதியதைத் தட்டச்சுச் செய்து கொடுத்தவள் அவளுடைய ஒரே அக்கா இராஜேஸ்வரி. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் பதினைந்து வருடம் தட்டச்சு அடித்த கை அது, பிழை என்பதே வராது. புருஷன் அரியரத்தினத்தோடு சிட்னிக்கு வந்த மூன்றாம் வருடமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பிளாக்டவுனில் ஒரு வாடகை அறை, பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை, மாலையில் தங்கையின் ஆய்வு. ஐம்பது வயதுக்கு அதற்குமேல் அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குசினிக் கதிரையில் உட்கார்ந்தபடி இராஜேஸ்வரி பேச்சை எடுத்தாள்.

"வதனா, நான் ஊரோட போகப்போறன். எனக்கு இஞ்ச ஆரிருக்கினம்? ஐயாவின்ர வீடு பூட்டித்தானே கிடக்கு. பாதியை எனக்கு எழுதித் தா. ரெண்டு அறையில கிடந்திட்டுப் போறன். எனக்குப் பிறகு எல்லாம் உன்ர பிள்ளையளுக்குத்தானே."

சந்திரவதனாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய அந்த நாற்சார் வீடு அவளுடையது. அக்காவின் கல்யாணத்துக்குப் பத்துப் பரப்புப் புகையிலைத் தோட்டக்காணியைச் சீதனமாக எழுதிக் கொடுத்த ஐயா, வீடு இளையவளுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதுவதற்கு முன் போய்விட்டார். எழுதாவிட்டாலும் தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டப்படி வீடு அவளுக்குத்தான் வந்தது.

"சீதனத்தோட போனவைக்குத் தகப்பன்ர முதுசத்தில பங்கில்லை அக்கா. இது நான் சொல்லேல்ல, தேசவழமை சொல்லுது."

"தேசவழமை தெரியாமலோ கேக்கிறன்? நீ ஓமெண்டால் ஆர் மறிக்கிறது? என்ர தோட்டக்காணியையும் திருப்பிப் பொதுவில போடுறன். ரெண்டையும் சேர்த்துச் சரிபாதியாப் பிரிப்பம்."

"புகையிலைத் தோட்டத்தைக் காட்டி நாற்சார் வீட்டில பாதி கேக்கிறியளோ! ஐயா பாரிசவாதத்தில மூண்டு வருசம் கிடக்கேக்க எங்க இருந்தனீங்கள்? பீ மூத்திரம் அள்ளினது நான். நீங்கள் கொழும்பில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, ஐயாவின்ர காலடியில ஒரு மணித்தியாலம் இருந்து அழுதிட்டுப் போனீங்கள்."

"லீவு கிடைச்சால்தானே வரலாம், பிள்ளை."

"அப்ப வீடும் லீவு கிடைச்ச ஆக்களுக்குத்தான்."

இராஜேஸ்வரி எழுந்து, நாலாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதி எப்போது தருவாய் என்று மட்டும் கேட்டாள். இந்தப் பொறுமைதான் சந்திரவதனாவுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். கத்தியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நாலாம் அத்தியாயம் மார்ஜரியின் வழக்கு. சந்திரவதனா வரிந்து கட்டிக்கொண்டு எழுதினாள். சீதனமாக ஒரு கிராமத்தை வாங்கிக்கொண்டு போனவளுக்குத் தகப்பன் சொத்தில் ஏது உரிமை? கடைசிவரை தகப்பனோடு இருந்த இசபெல்லின் வாயில் மண்ணைப் போட்ட கொள்ளைக்காரி! வழக்குப் பதிவில் ஒரு வரி இருந்தது: மார்ஜரி தன் சீதனக் கிராமத்தை நீதிமன்றத்தில் திருப்பி ஒப்படைத்தாள் என்று. சந்திரவதனா அதைப் பார்க்காமல் இல்லை. 'நீதிபதிகளின் கண்ணில் மண் தூவ ஆடிய நாடகம்' என்று அதையும் ஒரு பிடி பிடித்தாள்.

சீதனம் வாங்கியவளுக்குப் பங்கில்லை என்ற விதிக்கு மட்டும் அவள் ஆதாரம் எதுவும் காட்டவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதற்கு யார் அடிக்குறிப்புப் போடுகிறார்கள்?

முப்பத்தொரு பக்கத்தையும் இராஜேஸ்வரி அடித்துக் கொடுத்தாள். கொள்ளைக்காரி என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது. பதினொரு இடத்திலும் பிழையில்லாமல் அடித்திருந்தாள்.

ஆய்வை மேற்பார்வை செய்தவர் டொக்டர் ஹாலோரன் என்ற பெண்மணி. சிரிக்கவே தெரியாதவர், அதிலும் இந்த மாணவியிடம் இன்னும் கொஞ்சம் கடுகடுப்பு. அத்தியாயத்தை மேசையில் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"மிஸிஸ் கேதீஸ்வரன், கல்யாணத்தின்போது நிலம் வாங்கிய மகளுக்குப் பிறகு பங்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சட்டம் எங்கே இருக்கிறது?"

"அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்."

"எல்லாருக்கும் என்றால்? எனக்குத் தெரியாது. அரசனுடைய நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கவில்லை." அலமாரியிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துப் பக்கம் புரட்டி அவள் முன்னால் தள்ளினார். "கொண்டுபோன நிலத்தைத் திருப்பிப் பொதுவில் போட்டால், மகள்மார் எல்லாருக்கும் சமபங்கு. அந்தக் காலத்து இங்கிலாந்தின் சட்டம் இதுதான். மார்ஜரி நாடகம் ஆடவில்லை, சட்டப்படி நடந்தாள். திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் முடியாதென்று இரண்டு வருடம் இழுத்தடித்தவள் இசபெல். நீங்கள் எந்த நாட்டுச் சட்டத்தை வைத்து இந்தப் பெண்ணுக்குத் தீர்ப்புச் சொன்னீர்கள்?"

சந்திரவதனாவின் காதுமடல் சுட்டது. எந்த நாடு என்று சொல்ல அவளுக்குத் தெரியும். குனிந்து அத்தியாயத்தின் தாள்களை அடுக்கினாள்.

"ஆறு வாரம் தருகிறேன். திருத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஹாலோரன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மூக்குடைபட்டு வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எழுதத் தொடங்கினாள். என்ன குறை சொன்னாலும் படிப்பில் அவள் பொய் செய்ய மாட்டாள். பதிவுகளை மறுபடியும் வரிவரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க மார்ஜரி வேறு பெண்ணானாள். புருஷனைப் போருக்கு வாரிக் கொடுத்துவிட்டு, மைத்துனன்மார் துரத்திவிட, தகப்பன் வீட்டில் ஒதுங்க இடம் கேட்ட விதவை. கையிலிருந்த ஒரே கிராமத்தையும் பொதுவில் வைத்துவிட்டு நின்றவள். சந்திரவதனாவுக்கு எழுதுகிற கை நிற்கவில்லை. 'மார்ஜரி கேட்டது பிச்சையல்ல, நியாயம்' என்று அத்தியாயத்தை முடித்தாள்.

அதை வாசித்த கேதீஸ்வரன் ஒரு தரம் தொண்டையைச் செருமினார். "நல்லா எழுதியிருக்கிறீர். அப்ப உம்மட அக்காவின்ர விஷயம்?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

"அது இங்கிலாந்து. இது எங்கட வீடு. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆறாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இராஜேஸ்வரி முழு ஆய்வையும் பிரவுன் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். முந்நூறு பக்கம், மூன்று பிரதி. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். இந்த முறை அவள் உட்காரவில்லை.

"நாலாம் அத்தியாயத்தை ரெண்டு முறை அடிச்சிட்டன். முதல்ல கொள்ளைக்காரி எண்டாய், இப்ப நியாயம் எண்டுறாய். எது சரி?"

"இப்ப எழுதினதுதான் சரி."

"உண்மையாவோ?"

"ஓம். ஆதாரம் இருக்கு."

"எழுநூறு வருசத்துக்குப் பிறகெண்டாலும் அந்த வெள்ளைக்காரிக்குப் பாதி குடுத்துப்போட்டாய். என்ர காணி உறுதிப் பத்திரம் இந்தா கைப்பையுக்க இருக்கு. நானும் பொதுவில வைக்கிறன். எனக்கு என்ன சொல்லுறாய்?"

சந்திரவதனா பார்சலைப் பிரிப்பதுபோலக் குனிந்துகொண்டாள். ஓம் என்ற ஒரு சொல்தான். அது நாக்கு நுனிவரை வந்தது. ஐயாவின் அழுக்குத் துணிகளைத் துவைத்த மூன்று வருடம் குறுக்கே வந்து நின்றது. அந்த வருடங்களைப் பாதியாகப் பிரிக்க யார் வருவார்?

"நான் அப்பவே சொல்லிப்போட்டன் அக்கா. எங்கட வழக்கத்தில பங்கில்லை."

"சரி. அடுத்த மாசம் கப்பல் ஏறுறன். தோட்டத்துக் கிணத்தடியில ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பன்."

சந்திரவதனா பக்கங்களைப் புரட்டினாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. நன்றியுரைப் பக்கம் வந்தது. அவள் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தது: 'ஒரு வரி விடாமல் தட்டச்சுச் செய்து தந்த என் அன்பு அக்கா இராஜேஸ்வரிக்கு.' அந்த இடத்தில் வேறொன்று இருந்தது: 'தட்டச்சு: திருமதி இ. அரியரத்தினம், பிளாக்டவுன்.'

"இது பிழை. நான் எழுதித் தந்தது இதில்லை."

"தெரியும். முந்நூறு பக்கத்திலயும் உன்ர எழுத்தில நான் கை வைக்கேல்ல. என்னைக் கொள்ளைக்காரி எண்டு அடிக்கேக்கயும் வைக்கேல்ல. இதொண்டைத்தான் மாத்தினனான். ஆதாரமில்லாததை எழுதி இன்னொருக்கா அந்த டொக்டரிட்டப் பேச்சு வாங்காத."

இராஜேஸ்வரி வெளிக்கதவைச் சாத்தினாள், சத்தமில்லாமல். ஜன்னல் வழியே பார்த்தால் அவள் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்து போவது தெரிந்தது. வெயிலுக்குக் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். வேகமாக நடக்கவில்லை. தெருமுனைவரை இன்னும் நாலு வீடு இருந்தது, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் வீட்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். சந்திரவதனா கூப்பிடவில்லை.