பச்சைக் கட்டங்களுக்குப் பின்னால் மாமியார்

என் கணவர் கெபு கூடத்து ஜன்னலுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். திரையில் வீடியோ ஓடுகிறது, திரைக்கு முன்னால் அவருடைய அக்கா லெசியெலி பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். அக்காவும் தம்பியும் ஒரே அறையில் படம் பார்க்கக் கூடாது. டோங்காவில் இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. என் மாமனார் வீட்டில் தளரவில்லை.

அக்காவைக் கொஞ்ச நேரம் எழுந்து போகச் சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள்! தம்பி வீட்டில் அக்காவுக்கு மேலே கடவுளும் ராஜாவும்தான். "படம் வந்ததும் பார்த்துட்டுத்தான் எந்திரிப்பேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆக, நடுவில் நான். அங்கே கேட்டு இங்கே சொல்லி, இங்கே கேட்டு அங்கே சொல்லி என் தொண்டை வறண்டது.

வீடியோ எங்கள் கல்யாணத்தினுடையது. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. லெசியெலி அதில் மாப்பிள்ளையின் அக்காவாக உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஆடினாள். அவளுக்குப் பின்னால், கூட்டத்தைச் சிரிக்கவைக்க, என் மாமியார் கோமாளி ஆட்டம் ஆடினார். சர்ச்சில் யாராவது இருமினால்கூட முறைக்கிற மாமியார்! கூட்டமே உருண்டு சிரித்தது. ஆடியவள் திரும்பிப் பார்க்க முடியாது. தம்பியோ அக்கா ஆடுகிறாளே என்று தட்டில் இருந்த மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆக, பெற்ற பிள்ளைகள் இருவருமே பார்க்கவில்லை. பார்த்தவள் நான். அந்த வருடக் கடைசியிலேயே மாமியார் போய்விட்டார்.

கேசட் பூஞ்சை பிடித்துப் போயிற்று. மிச்சம் இருப்பது அதிலிருந்து ஏற்றிய இந்தப் பென்டிரைவ்தான். லெசியெலி குடியிருக்கும் ஆக்லாந்தில் மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, "ரெக்கார்டிங்கே கெட்டுப்போச்சும்மா, விடு" என்று அவள் மகன் சொன்னபிறகு, விமானம் ஏறி இங்கே வந்திருக்கிறாள்.

"என்ன தெரியுதுன்னு கேளு" என்றார் கெபு.

"பச்சைப் பச்சையா கட்டம். எங்கம்மா மூஞ்சிக்கு மேலயே வந்து ஒக்காருது, சனியன்!" என்றாள் லெசியெலி.

"படம் வேகமா ஓடட்டும்னு ஒரு டிக் போட்டிருக்கும். செட்டிங்ஸ்ல அத எடுத்துவிட்டு, மூடித் தெற."

எடுத்தேன். பச்சை போயிற்று! "போச்சுங்க!" என்று நான் குதித்ததில் பானகக் குவளை கவிழ்ந்தது.

"குதிக்காத. கோடு கோடா இருக்குதே, அது?" என்றாள் லெசியெலி. உண்மைதான். மாமியார் கையை அசைக்கும்போதெல்லாம் சீப்பால் சீவியதுபோல் உடைந்து போனார்.

"அசையும்போது மட்டுமா, சும்மா நிக்கும்போதுமா?"

"எங்கம்மா எங்கடி சும்மா நின்னாங்க?"

வாளியின்மேல் இருந்த முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். "அப்ப ரெக்கார்டிங் கெடல. பழைய கேமரா ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பாதியா எடுக்கும். சேர்க்கச் சொல்லணும், அவ்ளோதான். வீடியோ மெனுல டி-இன்டர்லேஸ்னு இருக்கும், ஆன் பண்ணு."

செய்தேன். கோடெல்லாம் சேர்ந்துகொண்டது.

மாமியார் முழுசாக வந்தார். மகளின் ஒவ்வொரு அபிநயத்தையும் கோழி மாதிரி கழுத்தை வெட்டி வெட்டிக் கெடுத்தார். இடுப்பை ஒடித்து நடந்தார், விழுந்தார், எழுந்தார். லெசியெலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், மகள் தலை குனிந்து வணங்குகிற நேரத்தில், மாமியார் கூத்தை நிறுத்திவிட்டு, அவளுடைய பின்கொண்டையில் சரிந்திருந்த இறகை இரண்டு விரலால் மெல்ல நிமிர்த்தினார். எத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! சிரித்த சிரிப்பில் இதை நானே பார்க்கவில்லை.

லெசியெலியின் சிரிப்பு நின்றது. பின்னந்தலையைத் தொட்டுக்கொண்டாள். வெளியே இருந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முழங்கால் கடகடக்க எழுந்து, "செய்னி, நான் குளிக்கப் போறேன். ரொம்ப நேரம் ஆகும்" என்று ஜன்னல் பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

கெபு காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அக்கா உட்கார்ந்திருந்த பாயின் ஓரமாக உட்கார்ந்தார். நான் படத்தை முதலில் இருந்து வைத்தேன்.

கொல்லைக் குளியலறையிலிருந்து, தான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று தெரிவிக்கிறாற்போல, லெசியெலியின் ஞானப்பாட்டு தெருவரைக்கும் கேட்டது. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததைப் பிடித்தாள். அன்றைக்குக் காலையிலிருந்தே குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.