மேசையில் விடப்படாத இதழ்

மேற்கே கொடிமலையின் முகடுகளை வெண்முகில் போர்த்திக் கிடக்க, கிழக்கே நீரிணையின் மீது இளவெயில் பொற்றுகளாய்ச் சிதற, தண்ணீர்மலை வேலவன் கோயிற்படிகளில் ஏறுவோரின் மூச்சும் ஜெலுத்தோங் மீன் அங்காடியில் கூவுவோரின் குரலும் ஒரே காற்றில் கலந்து மிதக்க, பினாங்கு மாநகர் சனிக்கிழமைக் காலையின் சோம்பலை மெல்ல உதறிக்கொண்டிருந்த வேளை அது. அந்நகரின் கல்லூரி நூலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஆய்விதழ்ப் பிரிவின் பொறுப்பாளரான பிரமிளா, கையில் ஒரு பட்டியலும் நெஞ்சில் ஓர் ஐயமுமாக நின்றிருந்தாள்.

படிப்போரே, ஓர் இதழ் நூலகத்தில் நிலைப்பதும் நீங்குவதும் எதனால் என்று எண்ணிப் பார்த்ததுண்டோ? அறிஞர் புகழ்ச்சியாலன்று, அட்டையின் அழகாலுமன்று. படித்தோர் மேசையில் விட்டுச்சென்ற இதழ்களை மாலைதோறும் திரட்டி, ஒவ்வொன்றின் பெயருக்கும் நேரே ஒரு கோடு இழுத்த பின்னரே மீண்டும் அடுக்கில் சேர்ப்பர். ஆண்டின் முடிவில் கோடற்றுக் கிடப்பவற்றின் சந்தா நிறுத்தப்படும். அதனாலன்றோ, ‘படித்ததை மேசையிலேயே விட்டுச் செல்க’ என்று தூண்தோறும் பலகை தொங்குகிறது!

அவ்வாண்டு கோடு பெறாதவை ஆறு. அவற்றுள் ஒன்று, கணினித் திரையில் கிட்டாது தாளில் மட்டுமே வருகின்ற, எண்ணெய்ப்பனை நோய்களை ஆராயும் காலாண்டிதழ். பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வுக்குழு கூடவிருந்தது. இறுதியாக ஒருமுறை கண்டுவருவோம் என்று அடுக்கினை அணுகிய பிரமிளா, ஐந்து இதழ்களின் மேல் மென்துகில்போலப் படிந்திருந்த தூசி ஆறாவதன் மேல் அறவே இல்லாமையைக் கண்டு திகைத்தாள். ஓரங்கள் நைந்து, மூலைகள் மென்மையுற்று, பலகால் புரட்டப்பட்ட ஏடாய் அது விளங்கிற்று. எவரும் தொடாத இதழைத் தொட்டவர் யார்? அவ்வினா அவளை இருக்கையில் இருக்கவிடவில்லை. எதிர்ப்புறத் தூணின் பின்னே, ஒளிந்து விளையாடும் சிறுமியைப்போல் சென்று நின்றுகொண்டாள்.

பத்து மணியளவில், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியவராய், காலணிச் சேற்றை வாயிலிலேயே துடைத்துவிட்டு ஒருவர் வந்தார். நேரே அவ்விதழை எடுத்தார். ஒன்றரை மணிப்பொழுது குறிப்பேட்டில் எழுதினார். பின்பு எழுந்து, இதழைக் கைக்குட்டையால் துடைத்து, எடுத்த இடத்திலேயே இம்மியும் பிசகாமல் செருகினார்.

“அண்ணே! கொஞ்சம் நில்லுங்க!” என்று பிரமிளா தூணின் பின்னிருந்து வெளிப்பட, அவர் நடுங்கிப்போனார்.

“நான் எதையும் கிழிக்கல மிஸ்!”

“கிழிச்சிருந்தாக்கூடத் தேவலாம்லா. போர்டைப் படிக்கலையா?”

“படிச்சேனே. அது சும்மா மரியாதைக்கு எழுதினதுன்னு நெனச்சேன். விருந்தாளிகிட்ட, சாப்பிட்ட தட்டை அங்கேயே வைங்கன்னு சொல்றதில்லையா? அதுக்காக வச்சிட்டா போவோம்? வீட்டுல அப்படிச் செஞ்சா எங்கம்மா தொடப்பத்த எடுத்திருவாங்க.”

அவர் மோகனராஜ், நிபோங் திபால் அருகே பைராம் தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர். அவர் பொறுப்பிலுள்ள பனைகளின் அடியில் காளான் முளைத்து, தண்டு உள்ளுக்குள்ளேயே அழுகி, நின்ற மரம் நின்றவாறே சாய்ந்துகொண்டிருந்தது. காளான் தலைகாட்டுமுன் நோயை அறியும் வழி தேடி, ஓராண்டாய்ச் சனிக்கிழமைதோறும் கடற்பாலங்கடந்து வருகிறார்.

“உங்க ஒழுங்குதான் அண்ணே இந்த ஜேர்னலுக்கு எமன். ஒரு கோடுகூட விழல. இன்னைக்கு நிறுத்தப் போறாங்க.”

மோகனராஜின் முகம் வாடிற்று. “பழைய நாளுக்கெல்லாம் சேர்த்து இப்பக் கோடு போட்டுடலாமா மிஸ்?”

“காணாததுக்குக் கோடு போட்டா, அப்புறம் என் கோட்டை யாரு நம்புவா?”

மூன்று மணிக்கு, அடுக்குகளின் அருகே கூடிய குழுவிடம் அவ்விதழை நிறுத்தவேண்டாமென்று பிரமிளா கேட்க, குழுத்தலைவர் ஹரிசங்கர் பட்டியலைப் பார்த்து முறுவலித்தார்: “கோடே இல்லாததுக்குக் கொடி பிடிக்காதீங்க, பிரமிளா.”

பிரமிளா ஆறு இதழ்களையும் அவர்முன் வரிசையாய் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணியை ஒருமுறை ஓட்டினாள். ஐந்து இடங்களில் துணி கருத்தது. ஆறாம் இடத்தில் வெண்மை மாறவில்லை. பின்பு காலையில் கண்டதை, கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்தாள்.

“தூசியைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கீங்களே!” என்று ஹரிசங்கர் வாய்விட்டு நகைத்தார். நகைத்தபடியே அடுக்கோரம் நடந்து, மற்ற அடுக்குகளிலும் விரலோட்டி, தூசி படிந்த விரல்நுனியை நெடிது நோக்கினார். “சரி, ஒரு வருஷம் பொறுப்போம். ஆனா அடுத்த வருஷம் எனக்குக் கோடு வேணும்.”

மறுவாரம் மோகனராஜ் வந்தார், படித்தார், எழுந்தார். இதழை மேசையில் விட்டு நான்கடி நடந்தவர், கைக்குழந்தையைத் தனியே விட்டவர்போல் திரும்பி வந்து, அதன் விளிம்பை மேசை விளிம்போடு நேராக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அரைமனத்தோடு வெளியேறினார். அன்று மாலை அவ்விதழின் பெயருக்கு நேரே முதற்கோட்டை இழுத்த பிரமிளா, எழுதுகோலை உடனே கீழே வைத்தாளில்லை. தடம் விடாமல் வந்துபோகும் நல்லோர் இன்னும் எத்தனை அடுக்குகளின் முன் நின்றனரோ, அவர்தம் ஒழுங்காலேயே எத்தனை நல்லிதழ்கள் முன்னைய ஆண்டுகளில் ஓசையின்றி நீங்கினவோ என்று, கோடு விழாத வெற்றுக் கட்டங்களை அவள் நெடும்பொழுது நோக்கியிருந்தாள்.