முப்பது பேருக்குத் திம்லமா

1

இந்தக் கதை என் கோழைத்தனத்திலிருந்து பிறந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால். மர்கிலான் என்ற உஸ்பெக் ஊரில், எங்கள் தெருவின் கடைசி வீட்டு முற்றத்திலிருந்து புகை எழுகிறது. ஷராஃபத் அக்காவின் வீடு. இன்று அங்கே ஹஷார். கூலி கிடையாது, தெருவே திரண்டு வந்து வேலையை முடித்துக் கொடுக்கும், வயிறாரச் சாப்பாடு போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அக்காவின் மண்கூரைக்கு இன்று புதுப்பூச்சு ஏற வேண்டும். நாளை மழை என்கிறார்கள். போன மழைக்கே மூலை அறை ஒழுகி, அக்காவும் மகளும் அடுப்படியில் படுத்தார்கள். உத்திரம் ஊறிக் கிடக்கிறது. இன்னொரு மழையை அது தாங்காது.

எட்டரைக்கு ஆட்கள் வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை.

நானும் போகவில்லை. மண்வெட்டியைத் துடைத்து வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, மாடி அறை ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கே என்ன ஆகப்போகிறது என்று கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கரூர்ப் பக்கத்து ஆள் நான். நூற்பாலை எந்திரங்களை ஓட்டிக் காட்ட மூன்று மாதத்துக்கென்று வந்தவன், இந்தத் தெருப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பதினாறு வருடமாக இங்கேயே கிடக்கிறேன். தெரு முழுக்க என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதி அடித்தேன். அடித்ததை மறைக்கவில்லை.

"மர்கிலானின் நெட்டை மரங்களில் இலைகள் பொன்னிறமாகி, காற்றில் குளிர் மெல்லத்..." (வேண்டாம். காலண்டர் படத்துக்குக் கீழே போடுகிற வாசகம்.)

"ஷராஃபத்தின் கணவர் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம்..." (நடந்ததுதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். யாராவது உச்சுக் கொட்டினால் அக்கா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார். கதையை விட்டும் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.)

"ஒரு பெரிய இரும்புக் கொப்பரை. அதன் அடியில் செம்மறியாட்டு வால்கொழுப்பு." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

3

என் மனைவி முயஸ்ஸர் விடியும்போதே பின்பக்கத் தோட்டங்களின் வழியாக அங்கே போய்விட்டாள். கொப்பரையின் கதை, மூடி போட்டதும் அவள் போனில் சொல்லித்தான் தெரியும்.

கொழுப்பு உருகியதும் எலும்போடு ஆட்டுக்கறி. கறி சிவந்ததும் அதன் மேல் வட்டமாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, தடித்தடியாக மஞ்சள் கேரட், முழு உருளைக்கிழங்கு, இரண்டாகப் பிளந்த சீமைமாதுளை, உரிக்காத முழுப் பூண்டு. அடுக்குக்கு அடுக்கு உப்பும் சீரகமும். எல்லாவற்றையும் போர்த்த முட்டைக்கோஸ் இலை. இலையை அழுத்த ஒரு தட்டு, அதற்கு மேல் மூடி. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கிளறுவதும் கிடையாது. காய்கள் விடுகிற நீரிலேயே மூன்று மணி நேரம் அடங்கி வேக வேண்டும். குளிர் தொடங்கும் நாட்களில் இந்த ஊரில் உடம்பு கேட்கிற சாப்பாடு இந்தத் திம்லமாதான்.

பாதியில் மூடியைத் திறந்தால் தீர்ந்தது. ஆவி போய்விடும், அடி பிடிக்கும், மேலே பச்சையாக நிற்கும். ஆகவே திம்லமா வைப்பவர் எத்தனை வாய் என்பதை அடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். ஆள் கூடிவிட்டது என்று அப்புறம் இரண்டு கிழங்கை உள்ளே தள்ள முடியாது.

* இங்கே ஒரு அடிக்குறிப்பு. ஹஷாருக்கு அழைக்கிறவர் ஒவ்வொரு வாசலாக நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டவர் வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது, அது மரியாதை இல்லை. "ஆண்டவன் நாடினா" என்பார். வருகிறவரும் அதையேதான் சொல்வார், வராதவரும் அதையேதான். அக்கா முந்தாநாள் முப்பது வாசல் ஏறி முப்பது "ஆண்டவன் நாடினா" வாங்கிக்கொண்டு போனார். என்னுடையதும் அதில் ஒன்று.

கறி வதங்கும்போது முயஸ்ஸர் கேட்டிருக்கிறாள்:

"எத்தன பேருக்குக்கா?"

"முப்பது."

"உங்க வீடு போக தெருவுல இருக்கறதே முப்பது வீடுதானே."

"அதான் முப்பது."

"ஒரு பதினஞ்சுக்கு வெச்சா போதாது? யாரும் வராம போயிட்டா?"

"வந்துட்டா என்ன பண்ணுவ? வந்தவன் கையில காலித் தட்டக் குடுப்பியா? பேசாம கேரட்டச் சீவு, முயஸ்ஸர். கண்ணக் கசக்கறதுக்கு வெங்காயம் தனியா இருக்கு."

எட்டரைக்கு மூடி போட்டாயிற்று.

4

ஏன் ஒருவரும் வரவில்லை என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தெருவோரம் ஓடும் வாய்க்காலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் முறை உண்டு. எகம்பெர்தி அண்ணனின் முறை நான்கு மணிக்கு முடிந்தால் அக்காவின் முறை தொடங்கும். தெருவில் மூத்தவர் எகம்பெர்தி அண்ணன். கல்யாணமோ சாவோ, அவர் கையேந்தித் துவா சொல்லாமல் எதுவும் தொடங்காது. ஜூலை மாதத்தில் மூன்று முறை தொடர்ந்து நான்கரை வரை தன் தோட்டத்துக்கே தண்ணீரை ஓட விட்டார். நான்காவது முறை அக்கா மண்வெட்டியோடு வந்து, அவர் மடையில் பலகையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைக்கு இவ்வளவு அவசரமா?" என்றார் எகம்பெர்தி அண்ணன்.

"அவசரமெல்லாம் இல்லண்ணே. உங்க கடிகாரம் நின்னு போயிருந்தா சொல்லுங்க. என்னோடதத் தர்றேன், இது நாலு மணிக்கு நாலுதான் காட்டும்."

தெரு சிரித்தது. அவர் பலகையை மன்னித்திருப்பார். சிரிப்பை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் அக்காவின் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. அவர் சொல்லாததால் மெல்ல மெல்லத் தெருவும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டது. சிரித்தவர்கள்தான் முதலில் நிறுத்தினார்கள். முந்தாநாள் அக்கா வாசலுக்கே வந்து அழைத்ததால்தான், மரியாதைக்காக, அவர் உட்பட எல்லோரும் வாய் திறந்தார்கள்.

சத்தமாகச் சிரித்தது யார் என்பதையும் எழுதியாக வேண்டும். நான்தான்.

5

எகம்பெர்தி அண்ணன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. "தாடியைத் தடவியபடி குரூரமாக..." என்று தொடங்கிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

என் மாமனார் ஊர் பேர் தெரியாதவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று நின்றபோது, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று தன் தாடியைப் பிடித்துச் சொன்னவர் அவர். என் மகளுக்கு வலிப்பு வந்த பனிக்காலத்தில், வண்டி கிளம்பாமல் அடம்பிடித்தபோது, பிள்ளையைத் தன் கம்பளிக்கோட்டுக்குள் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர். எழுபது வயதை நெருங்குகிறவர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன், எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இவரை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் செய்வது? நல்ல மனிதர் ஒரு விஷயத்தில் தப்புச் செய்கிறார், அவரிடம் நன்றிக்கடன் பட்டவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். கதை அவ்வளவுதான். எனக்குப் பிடிக்காத பாத்திரம் அந்த இரண்டாவது ஆள்.

இந்த நிமிடம் அவர் தன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலிலிருந்து அவர் தொப்பி தெரிகிறது. பின்பக்கத் தோட்டங்கள் பெண்கள் போகிற வழி; அக்கா வீட்டுக்குப் போகிற ஆண் எவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினால் சலாம் சொல்ல வேண்டும். சொன்னால் "எங்க கிளம்பிட்டீங்க?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து முப்பது வீட்டுக் கதவும் மூடியிருக்கிறது. எதிர்வீட்டு வாசற்கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தோஹிரின் பூட்ஸ் தெரிகிறது. அரைமணி நேரமாக அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறான். அவனும் யாராவது முதலில் போகட்டும் என்று பார்க்கிறான்.

6

முடிவுகள்.

(அ) பத்து மணிக்கு எகம்பெர்தி அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுகிறார். மெல்ல நடந்து அக்கா வாசலில் நின்று கையேந்துகிறார். கதவுகள் திறக்கின்றன. (சினிமா. போதாததற்கு, இந்த முடிவில் நான் ஜன்னலை விட்டு எழவே வேண்டியதில்லை. அதனாலேயே எழுதும்போது சுகமாக இருந்தது.)

(ஆ) ஒருவரும் வரவில்லை. பதினொன்றரைக்கு மூடியைத் திறந்து, முப்பது கிண்ணத்தில் திம்லமாவை அள்ளி, அக்காவும் மகளும் முப்பது வாசலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. தெரு அவமானத்தில் சாப்பிடுகிறது. மறுநாள் மழை. (பலமான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கூரை விழுந்துவிடுகிறது. என் கதை கனமாக இருப்பதற்காக அக்கா வீட்டுக் கூரை விழ வேண்டுமா? இப்படி யோசிக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தமிழிலும் தெரியவில்லை, உஸ்பெக்கிலும் தெரியவில்லை.)

(இ) மழை பொய்த்துப்போய்

7

மேலேயுள்ள வரி முடியாததற்குக் காரணம் முயஸ்ஸர். படியேறி வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு, முழங்கை வரை சேறு.

"என்ன பண்றீங்க?"

"எழுதறேன்."

"எதப் பத்தி?"

"அக்கா வீட்டு ஹஷாரப் பத்தி."

என் தாளை எட்டிப் பார்த்தாள். "அதுல நீங்க எங்க இருக்கீங்க? மாடியிலயா?"

நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

"எழுதி முடிச்சதும் அந்தத் தாளையெல்லாம் குடுங்க. கூரைமேல ஒட்டிப் பாக்கலாம், மழைக்குத் தாங்குதான்னு."

"எகம்பெர்தி அண்ணன் வாசல்லயே உக்காந்திருக்காரு, முயஸ்ஸர். அவர் இல்லாம யாரு துவா சொல்றது? முதல் மண்ணு யாரு போடறது?"

"போட்டாச்சு."

"யாரு?"

"அக்காதான். ஒன்பது மணி வரைக்கும் பாத்தாங்க. அப்புறம் கையக் கழுவிட்டு வந்து அவங்களே துவா சொன்னாங்க. ஏணில ஏறி அவங்களே முதல் மண்ணப் போட்டாங்க. மக கீழருந்து வாளியக் கயித்துல கட்டி விடுது, அவங்க இழுத்து இழுத்துப் பூசறாங்க. நான் மண்ண மிதிச்சுக் குடுக்கறேன். மூணு பேரு. மதியத்துக்குள்ள கால்வாசி முடியும். மிச்சத்துல மழை பெய்யும்."

தெருவில் ஒரு பெண் துவா சொல்லி ஹஷார் தொடங்கியதாக நான் கேட்டதில்லை. எகம்பெர்தி அண்ணன் காதுக்குப் போனால் சமாதானத்துக்கு இருந்த கடைசி வழியும் அடைபட்டுவிடும் என்று நினைத்தேன்.

"துவால என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

முயஸ்ஸர் படியில் இறங்கத் தொடங்கியிருந்தாள். நின்று திரும்பினாள்.

"எல்லாரும் சொல்றதுதான். வீடு நிக்கணும், உள்ள இருக்கறவங்க நல்லா இருக்கணும்னு. அப்புறம் தெருவுல பெரியவங்களுக்கு நோய் நொடி இல்லாம இருக்கணும்னு சொல்லி, எகம்பெர்தி அண்ணன் பேரச் சொன்னாங்க. முதல் பேரே அவரோடதுதான்." முழங்கைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வாயே வராது அப்படி. நான் போறேன், மண்ணு காயுது."

எனக்கு அழுகை வந்தது. அதை வேறெப்படியும் எழுதத் தெரியவில்லை.

8

கதையை இங்கே நிறுத்துகிறேன். இனி எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எகம்பெர்தி அண்ணனைத் தாண்டும்போது நான் சொல்லப்போகிற வாக்கியம். வரைவுகள்:

"சலாம் அண்ணே, சும்மா அப்படியே கடைப் பக்கம்..." (பொய். கடை அந்தப் பக்கமே இல்லை.)

"அண்ணே, தப்பு உங்க மேலதான். நாலு மணின்னா நாலு மணிதான்." (உண்மை. ஜூலையில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இன்று சொன்னால் வாதம் சாயங்காலம் வரை போகும், கூரை அப்படியே கிடக்கும்.)

"அண்ணே, நீங்க அன்னிக்கு எனக்காகப் பொறுப்பேத்துக்கிட்டீங்களே, அதே மாதிரி..." (கூடாது. அவர் செய்த நல்லதை அவர் மேலேயே எறிவது.)

"சலாம் அண்ணே. ஷராஃபத் அக்கா வீட்டுக்குப் போறேன். துவா முடிஞ்சுது, அதுல முதல் பேரு உங்களோடது. மண்ணு காயுது, வர்றேன்."

இதைத்தான் சொல்லப்போகிறேன். நின்று பதில் வாங்குவதா, நடந்துகொண்டே சொல்வதா என்று யோசித்தேன். நடந்துகொண்டே. நின்றால் உட்காரச் சொல்வார், உட்கார்ந்தால் தேநீர் ஊற்றுவார், அப்புறம் நான் எழ மாட்டேன்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் கிண்ணத்தை வீசலாம். என்னோடு இனி ஒரு வார்த்தையும் பேசாமல் போகலாம். அப்படி ஆனால் எனக்கு வலிக்கும், ரொம்ப நாள் வலிக்கும். எதிர்வீட்டுத் தோஹிர் கதவைத் திறப்பானா, அடுத்தவன் திறப்பானா, பதினொன்றரைக்குள் கூரை எவ்வளவு மூடும், திம்லமா மீதமாகப்போகிறதா போதாமல் போகப்போகிறதா, எதுவும் தெரியாது. அங்கே போகிறவனால் இங்கே உட்கார்ந்து எழுத முடியாது.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். (ஆ)வை மட்டும் அடித்துவிடுங்கள். ஒருவரும் வரவில்லை என்று இனி எழுத முடியாது, ஒருவன் கிளம்பிவிட்டான்.