கழுவாத வலை

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் அது நல்ல தண்ணீர்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பேதைமையில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இல்லை. நீராய்வுக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா மட்டும் அதை நம்புவதில்லை. புட்டியில் மொண்ட நீர், மொண்ட கணத்தின் செய்தியை மட்டுமே சொல்லும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சிகளோ நேற்று வந்துபோன நஞ்சையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளது கட்சி. "எங்கக்கா பூச்சிகிட்ட அனுமதி வாங்காம ஒரு மடக்குத் தண்ணி குடிக்கமாட்டா" என்று தம்பி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் தம்பிக்கே இப்போது அனுமதி தேவைப்பட்டது. அவனது தெருவில் குழாய் உடைந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர்கள் பள்ளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்துத் தொட்டியை நிரப்பலாமா, காய்ச்சிக் குடிக்கலாமா என்று அக்காவைக் கேட்டான்.

அன்று காலை அவள் ஓடையில் இறங்கினாள். முலாம் பூசும் பட்டறைக்கு மேலே ஓரிடம், அதற்குக் கீழே தம்பி வீட்டருகே ஓரிடம். கீழிடத்தை முதலில் முடித்துவிட்டு மேலே போவதுதான் முறை. கூடத்து வேன் ஓட்டுநருக்கு மேல்வழி வசதியாக இருந்ததால் முறை தலைகீழாயிற்று. மேலிடத்தில் வலையை நீரோட்டத்துக்கு எதிரே ஊன்றி, படுகைக் கற்களைக் காலால் கிளறினாள். வலை நிறையப் பூச்சிகள். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

கீழிடத்தில் வெள்ளைத் தட்டில் வலையைக் கவிழ்த்தபோது கரிய வண்டலும் இலைச்சருகும் விழுந்தன. அவற்றினூடே மூன்று வாலுள்ள தட்டையான இளம்பூச்சிகள் சில ஊர்ந்தன. நீரில் நஞ்சு கலந்தால் முதலில் மடிகிற இனம் அது. அக்காவின் நெஞ்சு குளிர்ந்தது. கரையிலிருந்தபடியே தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தண்ணி நல்லாத்தான்டா இருக்கு. காய்ச்சிக் குடிங்க."

ஆய்வுக் கூடத்துக்குத் திரும்பி, வலையை அலசுவதற்காக உட்புறம் வெளியே வருமாறு புரட்டினாள். விளிம்புத் தையலின் மடிப்பில் அதே தட்டைப் பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. நகத்தால் மடிப்பை விரித்தாள், வரிசையாக இருந்தன.

மேலிடத்துப் பூச்சிகள்! கீழிடத்தில் தட்டில் விழுந்தவையும் இந்த மடிப்பிலிருந்துதான். இரண்டு இடங்களுக்கும் நடுவே வலையைப் புரட்டி அலசியிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தவறாத வேலை, ஒரு மழைக்கும் ஓர் ஒலிப்பானுக்கும் பணிந்து விட்டுப்போயிற்று.

கீழிடத்துத் தட்டை விளக்கடியில் இழுத்தாள். அந்த இளம்பூச்சிகளை இடுக்கியால் எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு வண்டலைத் துழாவினாள். நத்தை ஓடுகள் கிடந்தன. உள்ளே நத்தை இல்லை. சாக்கடையிலும் செழித்து வளரும் செம்புழுகூட இல்லை. வெறும் கழிவு கலந்திருந்தால் செம்புழு பெருகியிருக்கும். ஒன்றுமே இல்லையென்றால் நஞ்சு. பட்டறையிலிருந்து வரும் உலோக நஞ்சானால், காய்ச்சக் காய்ச்ச நீர் சுண்டுமேயன்றி நஞ்சு போகாது.

தம்பி தொலைபேசியை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் மனைவியும் எடுக்கவில்லை. ஓட்டுநரிடம் அவள் என்ன சொன்னாளோ, அவர் வண்டியை விரட்டினார். வழியெல்லாம் தம்பி மகனின் முகமே கண்ணுக்குள் நின்றது. எதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெற்றுக் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பிள்ளை அவன்.

வீட்டுப் பின்புறம் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில்தான் மணியோசை அவர்களுக்குக் கேட்கவில்லை. அக்கா முதலில் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று விழுந்த அமைதியில் தம்பி திடுக்கிட்டு வெளியே வந்தான்.

"யாரும் குடிக்காதீங்க. நான் சொன்னது தப்பு."

"என்னக்கா, பூச்சி பேச்சை மாத்திடுச்சா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

அடுக்களை வாசலில் நின்ற அவன் மனைவியின் கையில் வெற்றுக் குவளை இருந்தது. அவளை ஒட்டிப் பிள்ளை நின்றான்.

"நாங்க குடிக்கல அண்ணி. ஆறட்டும்னு இருந்தோம். இவன் மட்டும் ஆத்திக் கொடுத்ததை ரெண்டு தடவை குடிச்சான். நீங்க நல்லதுன்னு சொன்னதாலதான் கொடுத்தேன்."

அதில் குற்றச்சாட்டின் சாயல்கூட இல்லை. அக்கா பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மடியில் சுருண்டிருந்தான். மருத்துவர் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பட்டறைக்கு ஆளனுப்ப வேண்டும், நீரை வேதிச்சோதனை செய்ய வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன நஞ்சுன்னு தெரிஞ்சாத்தான் முறிவு மருந்து கொடுக்க முடியும். அது என்னன்னு சொல்லுங்க."

நஞ்சு உண்டு என்றுதான் அந்த வெறுந்தட்டு சொல்லிற்று. என்ன நஞ்சு என்று அது சொல்லவில்லை. எந்தப் பூச்சியும் சொல்லாது.

"தெரியல டாக்டர்" என்றாள் அக்கா.

பிள்ளை அவள் சேலையைப் பற்றி இழுத்தான்.

"அத்தை, தாகமா இருக்கு."