வடிகட்டிக்குப் பின்னால் இரண்டு கோடுகள்

மருத்துவமனை நிர்வாகி கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். நெட்வொர்க் அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். துணைக்கு உறுமிக்கொண்டிருந்தது ஏ.சி.

"காலையில தலையில அடிபட்ட கேஸ். கிளை ஸ்கேன் சென்டர்ல எடுத்த படம் இங்க வந்து சேர்றதுக்குள்ள டாக்டர் என்னை உரிச்சுத் தொங்கவிட்டுட்டார். ஒரு வாரமா இதே கதை. என்னம்மா பண்றீங்க?"

"பார்த்துட்டுதான் சார் இருக்கேன்."

"பார்த்த வரைக்கும் போதும். எந்தப் பக்கம் தப்புன்னு அஞ்சு மணிக்குள்ள தெரியணும். உங்க பக்கமா, கிளைப் பக்கமா. தப்பு பண்ணின ஆளுக்கு நாளையிலேர்ந்து இங்க வேலை இல்லை."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கிளைப் பக்கத்து ஆள் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். போன வாரம் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது, "அண்ணிக்குக் கேபிளைப் பிடுங்கிச் சொருகத்தான் தெரியும்" என்று அவன் சொல்லிவைக்க, மாமியார் புரையேறும்வரை சிரித்தாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆபீஸ் விஷயமெல்லாம் மெயிலில்தான், 'தங்கள் உண்மையுள்ள' என்ற வால் ஒட்டிக்கொண்டு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கையிலிருந்த கருவிகள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. பிங் போட்டாள். கிளைக்குப் போன குரல் திரும்பி வர ஒரு யுகம் பிடித்தது. கம்பியில் ஓடுவதையெல்லாம் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தாள். ஸ்கேன் படங்கள் மட்டும் நொண்டியடித்துக்கொண்டு வந்தன. வேறு கூட்டமே இல்லை. காலிச் சாலையில் வண்டி ஏன் ஊர்கிறது?

மணி நாலைத் தாண்டியது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வழக்கம்போலத் தன் கம்ப்யூட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விலக்கும் ஃபில்டரை அடிக்கப் போனவள், பாதியில் நின்றாள். சோதிப்பவரின் சத்தம் சோதனையில் கலக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக விரல்கள் தாமாகவே அடிக்கும் ஃபில்டர் அது.

இந்த முறை அடிக்கவில்லை. இதுவரை பார்க்காமல் விட்டது தன் கம்ப்யூட்டரை மட்டும்தான்.

திரை நிரம்பி வழிந்தது. தடித்த கோடுகள் இரண்டு. ஒன்று அவள் கம்ப்யூட்டரிலிருந்து கிளைக்கு. இன்னொன்று கிளையிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்கு.

முதல் கோடு அவளே வைத்த பொறி. லைனில் முழு வேகத்தில் தரவைக் கொட்டி, எவ்வளவு தாங்கும் என்று அளக்கும் ஐபெர்ஃப். பிங் மந்தமானால் அது தானாக ஓட வேண்டும், கொழுந்தன் பக்கம்தான் கோளாறு என்பதற்குச் சாட்சி சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தாள். அவனும் அச்சு அசலாக அதையே செய்திருந்தான்.

அவன் அளந்தால் லைன் அடைத்தது. அடைத்ததைப் பார்த்து இவளுடையது அளந்தது. அதைப் பார்த்து அவனுடையது. முதன்முதலில் எது மந்தமாக்கியதோ, அது என்றைக்கோ போய்விட்டது. முன்பெல்லாம், "அண்ணி, டெஸ்ட் போடப்போறேன்" என்று போன் வரும். அந்த போன்தான் நின்றுபோயிருந்தது.

தன் பொறியை நிறுத்திவிட்டு, கிளையின் கோடு மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்தாள். நிர்வாகிக்கு மெயிலில் இணைத்தாள். ஒரு சொடுக்கு போதும்.

சொடுக்கவில்லை. பாசமா, பயமா என்று அவளே யோசிக்கவில்லை. போனை எடுத்தாள்.

கொழுந்தன் முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுங்க அண்ணி."

"ஃபில்டரை எடுத்துட்டியா?"

"இப்பத்தான்."

"என் கோட்டை மட்டும் படம் எடுத்தாச்சா?"

"மெயில்ல போட்டு வச்சிருக்கேன். அனுப்பலை. நீங்க?"

"நான் மட்டும் என்ன உத்தமியா? உன் கோடு இங்க ரெடியா இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். "அண்ணி, அன்னிக்கு நான் கேபிள்னு சொன்னது..."

"அதை வீட்டுல வச்சுக்கறேன். இப்போ உன் டெஸ்ட்டை நிறுத்து. என்னோடது நிறுத்தியாச்சு."

பிங் எண்கள் மளமளவென்று இறங்கின. காத்துக்கிடந்த ஸ்கேன் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

ஐந்து மணிக்கு நிர்வாகி கையில் ஒரே படம். அதில் இரண்டு கோடுகள், கீழே இரண்டு பெயர்கள்.

"அப்போ யார் மேல தப்பு?"

"ரெண்டு பேர் மேலயும் சார். சரி பண்ணினதும் ரெண்டு பேரும்தான்."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் அனுப்பிட்டு இந்த ரூமை யார் பார்ப்பா, நானா? இன்னொரு தடவை நடந்தா யோசிக்கவே மாட்டேன்." இந்த முறை கதவை மெதுவாகச் சாத்தினார்.

போன் அடித்தது.

"அண்ணி, ஒரு டெஸ்ட் போட்டுக்கவா?"

"போடு."

அது ஓடி முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை.